பழைய கணினி, சின்னப் பிள்ளைகள்: எந்த இலவசக் கல்வி மென்பொருள் தேறும்?

கோர் 2 டூயோ பிராசசர், 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 17 அங்குல மானிட்டர், எழுத்து தேய்ந்த கீபோர்டு. கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் மாலை நேர வகுப்புகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் நன்கொடையாக வரும் கணினி பெரும்பாலும் இந்த ரகம்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், இதைவிட நல்ல பெட்டிகளும் அலுவலகங்களிலிருந்து கழிந்து வருகின்றன. விண்டோஸ் 11 ஏறாது என்பதைத் தவிர அவற்றில் பெரிய குறை ஒன்றும் இருக்காது.

கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். கணினி வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கல்வி மென்பொருள் என்று தேடிக் கிடைத்ததையெல்லாம் போட்டுவைப்பதால் திரை முழுக்க ஐகான். பிள்ளை ஒன்றைச் சொடுக்குகிறது, எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் நாலு தடவை சொடுக்குகிறது, நாலு சாளரம் திறக்கிறது, சிஸ்டம் ஹேங் ஆகிறது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மானிட்டர் மேல் துணி போர்த்தியிருக்கும்.

ஒரு மென்பொருளில் எத்தனை பயிற்சிகள் இருக்கின்றன என்று எண்ணுவதால் பயனில்லை. சொடுக்கியதும் அசைகிறதா? இணையம் இல்லாமல் ஓடுமா? ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளை, பெரியவர் துணையில்லாமல் அரை மணி நேரம் அதோடு இருக்க முடியுமா? ஒரு கணினியில் போட்டதை யாரிடமும் அனுமதி கேட்காமல் பத்துக் கணினிக்கு நகலெடுக்கலாமா? இந்த நாலு கேள்வியில்தான் கீழே உள்ளவற்றை எடை போட்டிருக்கிறோம். நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. 30 நாள் கழித்துப் பூட்டிக்கொள்வதும், பிள்ளை கணக்குப் போடும்போது நடுவில் விளம்பரம் காட்டுவதும் 'இலவசம்' என்ற பெயரில்தான் வருகின்றன. கட்டற்ற மென்பொருள் என்றால் நகலெடுக்க, திருத்த, பகிர உரிமையை எழுத்திலேயே கொடுத்திருப்பார்கள். திருட்டு விண்டோஸ் போட்டு அதன் மேல் கல்வி மென்பொருள் போடுவதைப் பிள்ளைகளுக்கான இடத்தில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் இருந்த பெட்டியை உப்புக் காற்று சும்மா விட்டிருக்காது. ஸ்க்ரூ துருவேறி இருக்கும், ராமின் காலில் மங்கலாக ஒரு படலம் இருக்கும். ஆன் செய்ததும் பீப் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகவே இருந்தால் முதல் சந்தேகம் ராம் மேல்தான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் காலை இரண்டு பக்கமும் தேய்த்து, தூளைத் துடைத்து, இரண்டு கிளிப்பும் தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்தி மாட்டுங்கள். பிராசசரைச் சுற்றி நிற்கும் கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்த மதர்போர்டில் நேரம் செலவழிக்க வேண்டாம். ராமையும் டிஸ்க்கையும் எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றுங்கள், அது நன்றாக ஓடும்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, சிஆர்2032. நன்கொடைக் கணினியில் இது செத்துப்போயிருப்பது சாதாரணம். அதனால் வரும் கோளாறு மட்டும் வேறு இடத்தில் தலைகாட்டும். மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உலாவி எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று சொல்லும். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கப் போனால் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை வரும். ஜிகோம்ப்ரி என்ற கல்வி மென்பொருள் (கீழே வருகிறது) குரல் கோப்பை இறக்காது. இணையம் சரியில்லை என்று நினைத்து மோடத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பேட்டரியை மாற்றி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரி செய்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தீரும். எந்த மென்பொருளும் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

காசு கொஞ்சம் இருந்தால் 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். பிராசசரை மாற்றுவதால் கிடைக்காத வேகம் இதில் கிடைக்கும். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பிராக்கெட் இல்லாவிட்டாலும் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வைக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கையே வைத்துக்கொள்வதானால் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்வது) 'ரீஅலோகேட்டட் செக்டார்' எண்ணைப் பாருங்கள், அது கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை. பூஜ்யம் என்றால் கவலையில்லை. எண் இருந்து, அடுத்த வாரம் அது கூடியிருந்தால் அந்த டிஸ்க்கில் பிள்ளைகளின் படங்களை வைக்காதீர்கள்.

எந்த லினக்ஸ்?

விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ். டெபியன், ஆன்டிஎக்ஸ், எடுபுன்டு என்று கீழே வருபவை அதன் வகைகள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கரை வைத்து '32 பிட்' என்று முடிவு செய்ய வேண்டாம். கோர் 2 டூயோ எல்லாமே 64 பிட் பிராசசர்தான். அதில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இது இப்போது முக்கியமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி கிடையாது. லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. உண்மையிலேயே 32 பிட் மட்டும் ஓடும் பெட்டிக்கு டெபியன் 12, அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஏதாவது ஒன்றுதான் வழி. பென்டியம் 3 காலத்துப் பெட்டியில் எஸ்எஸ்இ2 என்ற பிராசசர் கட்டளைத் தொகுதி கிடையாது, இன்றைய உலாவி எதுவும் அதில் திறக்காது. அதை வரைவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2 ஜிபி ராம் இருந்தால் டெபியன் போட்டு, மேசைத்தளமாக (திரையில் தெரியும் மெனு, ஐகான், சாளர அமைப்பு) எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி அல்லது அதற்கும் கீழே என்றால் ஆன்டிஎக்ஸ் நன்றாக ஓடும், ஆனால் அதன் மெனு பெரியவர்களையே குழப்பும். மேசையில் நாலு ஐகான் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி அமைக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எடுபுன்டு என்று பெயரிலேயே கல்வியை வைத்திருக்கும் லினக்ஸ் நல்ல தொகுப்பு என்றாலும் க்னோம் மேசைத்தளத்தில் வருவதால் இந்தப் பெட்டிகளுக்குப் பாரம். பிரான்சில் எம்மாயுஸ் அறக்குழுக்களுக்கு வரும் பழைய கணினிகளைச் சீர்செய்து கொடுப்பதற்காகவே பிறந்தது எம்மாபுன்டுஸ். நன்கொடைக் கணினி வேலையைத் தெரிந்தவர்கள் செய்தது என்பது அதில் தெரியும். டெபியனைக் கையால் அமைக்க ஆள் இல்லாத இடத்துக்கு இதைத்தான் சொல்வோம். மென்பொருள் நிறைய அடைத்து வருவதால், போட்ட பிறகு பாதியை மறைக்க வேண்டியிருக்கும்.

எதுவானாலும் முதலில் டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவ் ஆக ஓட்டி சத்தம், வைஃபை, திரை அளவு மூன்றும் சரியா என்று பாருங்கள். போட்டு முடித்ததும் சீராம் வசதியை இயக்கிவிடுங்கள். ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைப்பதால் 2 ஜிபி பெட்டி டிஸ்க்கைப் போட்டுச் சுரண்டாது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தது வீட்டுப் பரணில் கிடந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான். பேட்டரி போயிருந்தாலும் அடாப்டரில் ஓடும்.

டக்ஸ் பெயின்ட்: கண்ணை மூடிக்கொண்டு போடலாம்

2002இலிருந்து வரும் வரைகலை மென்பொருள். 3 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கானது. பழைய பெட்டியில் இதைப்போல் தொட்டதும் பதில் சொல்லும் மென்பொருள் வேறு இல்லை. தூரிகையை இழுத்தால் கோடு கூடவே வரும், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சத்தம் உண்டு, கீழே பென்குயின் ஒரு வரி உதவி சொல்லும். இடைமுகம் தமிழில் கிடைக்கிறது. சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது, எங்கே வைப்பது என்றும் கேட்காது. 'திற' என்றால் பிள்ளை வரைந்த படங்களே சின்னச் சின்னதாக வரிசையில் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை தன் படத்தைத் தானே தேடி எடுக்க இதைவிட நல்ல வழி நாங்கள் பார்க்கவில்லை.

நிறுவும்போது பெரும்பாலும் ஒரு தவறு நடக்கிறது. டக்ஸ் பெயின்ட் மட்டும் போட்டுவிட்டு 'முத்திரை எதுவும் இல்லையே' என்பார்கள். முத்திரைப் படங்கள் தனித் தொகுப்பு, அமைப்புகளுக்கான மென்பொருளும் தனி. லினக்ஸில் மென்பொருள் தேடி நிறுவ உதவும் சினாப்டிக்கில் தேடினால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், மூன்றையும் சேர்த்து நிறுவுங்கள்.

அமைப்புகளில் மாற்ற வேண்டியவை சில. முழுத்திரையை இயக்குங்கள். அச்சிடும் பொத்தானை முடக்குங்கள், பிரிண்டர் இல்லாத இடத்தில் அது பிழைச் செய்தி மட்டும்தான் தரும். சின்னப் பிள்ளைகளுக்கு எளிய வடிவங்கள் போதும், வட்டத்தைப் போட்டபின் சுழற்றச் சொல்லி அது காத்திருக்காது. மவுஸின் எல்லாப் பொத்தானையும் ஒன்றாகக் கருதும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் இயக்குங்கள். 5 வயதுப் பிள்ளை மவுஸை முழுக் கையால் பிடிக்கும், விரல் வலது பொத்தானில்தான் விழும். இயல்பாக இடது பொத்தான் மட்டும் வேலை செய்வதால் 'மவுஸ் கெட்டுப்போச்சு' என்று எழுந்துவிடும். வெளியேறும் பொத்தானையும் முடக்கலாம். அப்போதும் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பெரியவர் மூடிவிடலாம். ஒரே அறையில் எட்டுக் கணினி இருந்தால் ஒலியை நிறுத்திவிடுங்கள், அல்லது ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். மவுஸே போய்விட்டால் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழையது தேடலாம், ஆனால் கையோடு ஒரு மடிக்கணினி கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்து வாங்குங்கள்.

ஜிகோம்ப்ரி: நிறைய இருக்கிறது, வடிகட்டிக் கொடுங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று சொன்னால் கேட்கும் ஓசைதான் பெயர். ப்ரூனோ கூதுவான் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார், இன்று கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் கீழ் வளர்கிறது. 2 வயது முதல் 10 வயது வரை என்று குறி வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள்.

முதல் தடவை கணினியைத் தொடும் பிள்ளைக்கு இதில் மவுஸ் பயிற்சிகளை மட்டும் கொடுங்கள். திரை முழுவதும் கட்டம் கட்டமாக மூடியிருக்கும். மவுஸை மேலே கொண்டுபோனால் போதும், அந்தக் கட்டம் மறைந்து பின்னால் ஒரு விலங்கின் படம் கொஞ்சம் தெரியும். காது தெரிகிறது, அப்புறம் கண் தெரிகிறது, மூலையில் இன்னும் இரண்டு கட்டம் பாக்கி. அந்த மூலைக்கு மவுஸைக் கொண்டுபோகத்தான் பிள்ளை படாதபாடு படும். அதில்தான் கை பழகுகிறது. அடுத்த பயிற்சியில் ஒரு சொடுக்கு, அதற்கடுத்ததில் இரட்டைச் சொடுக்கு. சொல்லிக் கொடுக்க ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நீர்ச் சுழற்சிப் பயிற்சி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். சூரியனைச் சொடுக்கினால் நீர் ஆவியாகும், மேகத்தைச் சொடுக்கினால் மழை, பிறகு நீரேற்று நிலையம், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றாக இயக்கினால்தான் கடைசியில் குழாயில் தண்ணீர் வரும். கால்வாயில் படகைக் கதவு மாற்றி மாற்றி மேலேற்றும் பயிற்சியும் அப்படித்தான், வீராணம் மதகைப் பார்த்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் பயிற்சியில் ரூபாய்க்குப் பதில் யூரோ நோட்டு வரும், அதை விட்டுவிடுவது நல்லது. காய்கறிச் சந்தைக் கணக்கைப் பிள்ளைக்குச் சந்தையே சொல்லிக் கொடுக்கும்.

பழைய பெட்டியில் ஜிகோம்ப்ரி தகராறு செய்வது ஒரே இடத்தில்தான். இப்போதைய ஜிகோம்ப்ரிக்கு ஓபன்ஜிஎல் 2.1 என்ற கிராஃபிக்ஸ் வசதி வேண்டும். இன்டெல் 945 சிப்செட்டோடு வரும் ஜிஎம்ஏ 950 கிராஃபிக்ஸில் அது கிடையாது. திறந்ததும் கறுப்புத் திரை, அல்லது திறந்து மூடிக்கொள்ளும். 'இந்தக் கணினிக்கு ஆகாது' என்று நீக்கிவிடுவார்கள். தொடக்கக் கட்டளையோடு 'சாஃப்ட்வேர் ரெண்டரர்' என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள், திரையை வரையும் வேலையைப் பிராசசரே செய்துகொள்ளும். அசைவு கொஞ்சம் மந்தமாகும், சில அலங்கார விளைவுகள் தெரியாது, பயிற்சிகள் நடக்கும். மேசையில் இருக்கும் ஐகானின் பண்புகளிலேயே அந்த விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டாம். 1 ஜிபி ராமில் ஜிகோம்ப்ரி தனியாக ஓடும். பின்னால் உலாவியைத் திறந்து வைத்தால் திணறும்.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறுவியதும் அமைப்புகளில் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு போதாத மொழியை வெளியீட்டில் சேர்க்காமல் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம், அதனால் பதிப்புக்குப் பதிப்பு பட்டியல் மாறும். தமிழில் வந்தாலும் வராவிட்டாலும் தமிழ் எழுத்து கற்பிக்க இதை நம்ப வேண்டாம். எண், வடிவம், வண்ணம், புதிர், சதுரங்கம், மவுஸ் பயிற்சிகளுக்கு மொழியே தேவையில்லை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் இது கூடுதல் லாபம். மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றிக் குரலையும் இறக்கிவிட்டால் எழுத்தும் எண்ணும் தாய்மொழிக்காரர் உச்சரிப்பிலேயே கேட்கும்.

அந்தக் குரல் கோப்புகள் மென்பொருளோடு வருவதில்லை, மொழியைத் தேர்ந்ததும் இணையத்திலிருந்து இறங்கும். ஒரு கணினியில் இறக்கிவிட்டு, வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கேஷ் அடைவுக்குள் கேடிஇ, அதற்குள் ஜிகோம்ப்ரி என்று போய் அந்த அடைவை அப்படியே பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளில் அதே இடத்தில் வையுங்கள். கடைசியாக, அமைப்புகளில் கடின அளவு வடிகட்டி இருக்கிறது, 1 நட்சத்திரம் முதல் 6 வரை. முதல் வகுப்புப் பிள்ளைக்கு 1, 2 மட்டும் வைத்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். பிள்ளை எதைத் தொட்டாலும் அதற்கு முடிகிற காரியமாக இருக்கும்.

கணக்கும் தட்டச்சும்

டக்ஸ் மேத்: மேலிருந்து எரிகற்கள் விழும், ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு. விடையைத் தட்டி என்டர் அழுத்தினால் பென்குயின் சுட்டு வீழ்த்தும். எண்ணைத் தட்டுவதில் தொடங்கி, கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, குறை எண்கள் வரை பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்க இதற்கு இணை இல்லை. புதுக் கருத்தைப் புரிய வைக்க இது உதவாது, தெரிந்ததை வேகப்படுத்த மட்டும்தான். பழுது என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி நம்லாக் விளக்கு அணைந்திருப்பதுதான். வலது பக்க எண்களைத் தட்டினால் ஒன்றும் விழாது, கல் மட்டும் வந்து விழும். கணினி தொடங்கும்போதே நம்லாக்கை இயக்கிவிடும் சின்ன மென்பொருள் உண்டு, போட்டுவிடுங்கள். முழுத்திரையில் எழுத்து மங்கினால் சாளரத்திலேயே ஓட்டுங்கள்.

தட்டச்சுக்கு டக்ஸ் டைப்பிங் ஆங்கிலத்துக்கு நல்லது. தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குங்கள். உயிர் எழுத்துகள் இடது கையிலும் மெய்வரிசை பெரும்பாலும் வலது கையிலும் வருவதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். 'அப்பா', 'பல்லி' எல்லாம் இப்படியே. பள்ளியில் இப்போதுதான் தமிழ் எழுத்து படிக்கும் பிள்ளைக்கு, உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது திரையிலேயே நடந்து காட்டப்படுகிறது. இதற்காகவே இரண்டாம் வகுப்பிலிருந்து தமிழ்99 கொடுக்கலாம். ஆனால் அமைக்கும்போது கவனம். கணினியின் விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழ்99ஐத் தேர்ந்தால் அந்தத் தானியங்கிப் புள்ளி வேலை செய்யாது. ஐபஸ் (பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்) நிறுவி, அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் சேர்த்து, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு தெளிவாக இருக்க நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது மீரா இனிமை போதும். அளவை 20க்கு மேல் வையுங்கள்.

இணையம் இல்லாத விக்கிப்பீடியா

நாலாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு, விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் வாசிக்க வைக்கும் கிவிக்ஸ். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே சிம் கோப்பாகக் கிடைக்கும் (செல்பேசியில் போடும் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கோப்பு வகையின் பெயர்). இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டு வந்தால் போதும். படத்தோடு ஒன்று, படமில்லாமல் ஒன்று என்று வரும். டிஸ்க்கில் இடம் இருந்தால் படத்தோடு எடுங்கள், படமில்லாத கலைக்களஞ்சியத்தைப் பிள்ளை இரண்டாம் நாள் திறக்காது. தமிழ் விக்சனரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் அகராதி ஆயிற்று. பெரிய மொழிகளின் கோப்பை எடுப்பதானால் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது. 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது, முக்கால்வாசி நகலான பிறகு பிழை காட்டி நிற்கும்.

ஒவ்வொரு கணினியிலும் போடத் தேவையில்லை. இருப்பதிலேயே நல்ல பெட்டியில் கிவிக்ஸ் சர்வரை ஓட்டி, 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்றில் எல்லாவற்றையும் கேபிளால் இணைத்தால் மற்றவற்றில் உலாவியைத் திறந்தாலே விக்கிப்பீடியா வரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் செயல்விளக்கங்களையும் அங்கேயே வைக்கலாம். மின்சுற்று, பின்னம், அடர்த்தி என்று ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கும், சில தமிழிலும் உண்டு. 2 ஜிபி பெட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்க வேண்டும்.

பாடநூல் பிடிஎஃப் வைக்கும்போது எல்லையைக் கவனியுங்கள். கடலூர்ப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்கே என்சிஇஆர்டி நூல். பாகூர்ப் பக்கம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மாலை வகுப்புக்கு வருவார்கள், தனித்தனி அடைவில் வகுப்பு எண் போட்டு வையுங்கள்.

போடாமல் விடுங்கள்

ஸ்டெல்லேரியம் அருமையான வானியல் மென்பொருள், ஆனால் பழைய கிராஃபிக்ஸில் நட்சத்திரம் நகர்வதற்குள் விடிந்துவிடும். பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச் 3ம் 2 ஜிபி பெட்டிக்குச் சுமை, லினக்ஸுக்கு அதிகாரபூர்வ மேசைப் பதிப்பும் இல்லை. லேசான ஸ்க்ராட்ச் 1.4இல் செய்ததைப் புதிய பதிப்பில் திறக்கலாம், புதியதைப் பழையதில் திறக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு 1.4 கொடுங்கள், அல்லது ஆமையை நகர்த்தி நிரல் எழுதும் கேடர்டில் கொடுங்கள். கணிதத்துக்கான ஜியோஜீப்ரா எட்டாம் வகுப்புக்கு மேல் மிகவும் பயன்படும். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. பழைய ஃப்ளாஷ் குறுந்தகடுகளைத் தூக்கிப்போடுங்கள், ஃப்ளாஷ் 2020 முடிவோடு போய்விட்டது. டெபியனில் 'தொடக்கப் பள்ளிக் கல்வி' என்று ஒட்டுமொத்தத் தொகுப்பு இருக்கிறது. ஒரே சொடுக்கில் எல்லாம் வரும் என்று அதைப் போட்டால், முதலில் சொன்ன ஐகான் குவியல்தான் திரும்பி வரும்.

பத்துப் பெட்டிக்கும் சேர்த்து

எல்லாம் ஒரே மாடல் என்றால் ஒன்றை முழுதாக அமைத்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன்சில்லாவில் படி எடுங்கள். படி ஏறும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஏற்றியதும் கணினிப் பெயரை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றுங்கள். நன்கொடையில் ஒரே மாடல் கிடைப்பது அரிது. அப்போது இயங்குதளத்தைத் தனித்தனியாகப் போட்டுவிட்டு, முதல் கணினியில் இறங்கிய டெப் கோப்புகளை (டெபியன் மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள்) சேமிப்பு அடைவிலிருந்து பென்டிரைவில் எடுத்து மற்றவற்றின் அதே அடைவில் போட்டு நிறுவுங்கள். ஒரே பதிப்பு, ஒரே பிட் என்றால் மறுபடி எதுவும் இறங்காது, செல்பேசி ஹாட்ஸ்பாட்டிலேயே வேலை முடியும். எங்காவது மாட்டிக்கொண்டால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம், விழுப்புரத்தில் விஜிளக் என்று கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் இருக்கின்றன, கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு, கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போகும்படி. திரைப்பூட்டை நிறுத்துங்கள். பத்து நிமிடம் விட்டுப்போய் வந்தால் கடவுச்சொல் கேட்டு நிற்கும், பிள்ளை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடும். பவர் பொத்தானை ஒருமுறை தொட்டாலே ஒழுங்காக அணைகிற மாதிரி அமைப்பதும் நல்லது. புதுப்பிப்பு அறிவிப்பை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை பெரியவர் கையால் புதுப்பியுங்கள். பிள்ளையின் வீட்டு அடைவைச் சரியாக அமைத்த நிலையில் ஒரு படி எடுத்து வைத்தால், ஐகானை அழித்தாலும் மெனுவைத் தொலைத்தாலும் இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும். படியைத் திருப்பி வைக்கும் முன் டக்ஸ் பெயின்ட் படங்கள் இருக்கும் மறைந்த அடைவை வெளியே எடுத்து வையுங்கள். அதை மறந்துவிட்டு ஒரு வகுப்பின் மொத்தப் படங்களையும் அழித்துவிடுவது மிகவும் சுலபம்.

சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரை கடந்தபோது முழங்கால் தண்ணீர் பார்த்த தெருக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசை மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வகுப்பு நடக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. 600 விஏ யுபிஎஸ் ஒன்றுக்கு ஒரு கணினி மட்டும் மாட்டுங்கள். அதன் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், மாற்றிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.